எதிர்ப்பின் விலை

1990களில் பிரிட்டன் தன்னையறியாமலே ஒரு பெரிய பரிசோதனையை நடத்தி முடித்தது. சல்ஃபோனமைடு வகை மருந்துகளுக்கு அங்கே கட்டுப்பாடு வந்தது. மருத்துவர்கள் அவற்றை எழுதித் தருவது ஏறக்குறைய நின்றுபோனது. ஆண்டுக்குச் சுமார் 3,20,000 மருந்துச் சீட்டுகள் என்றிருந்தது சில ஆண்டுகளில் 7,000 என்ற அளவுக்கு இறங்கியது. பயன்பாடு குறைந்தால் கிருமிகளின் எதிர்ப்பும் குறையும் என்பதே எல்லோரும் நம்பிவந்த கணக்கு. ஆனால் லண்டன் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ. கோலை பாக்டீரியாக்களைச் சோதித்தபோது, 1991-ல் 39.7 சதவீதமாக இருந்த சல்ஃபோனமைடு எதிர்ப்பு 1999-ல் 46 சதவீதமாக ஏறியிருந்தது. மருந்து விலகிய பிறகும் எதிர்ப்பு விலகவில்லை. காரணம், அந்த எதிர்ப்பைத் தரும் மரபணு தனியாக வாழ்வதில்லை. பிளாஸ்மிடு எனப்படும் சிறு டிஎன்ஏ வளையங்களில் வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களோடு சேர்ந்தே அது பயணம் செய்கிறது. அந்த வேறு மருந்துகள் புழக்கத்தில் இருக்கும்வரை இதற்கும் இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். அதைச் சுமப்பதால் பாக்டீரியாவுக்குப் பெரிய நஷ்டமும் இல்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. டைபாய்டு காய்ச்சலுக்குக் குளோராம்ஃபெனிகால் கேட்காமல் போனதும் மருத்துவர்கள் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மாறினார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் டைபாய்டுக் கிருமி குளோராம்ஃபெனிகாலுக்கு மறுபடியும் பணியத் தொடங்கியது. ஓரிடத்தில் எதிர்ப்பு தங்கிவிட்டது, இன்னோரிடத்தில் கழன்று விழுந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பல காரணங்கள் தீர்மானிக்கின்றன; அவற்றுள் தலையாயது, எதிர்ப்பைத் தூக்கித் திரிவதற்குக் கிருமி கொடுக்கும் விலை. விலை அதிகமென்றால் வாய்ப்புக் கிடைத்ததும் அது சுமையை இறக்கிவைத்துவிடும், மலிவென்றால் வைத்துக்கொள்ளும். எதிர்ப்புப் பெற்ற தொற்றுகளை வெல்லும் புதிய வழிகள் என்று இன்று பலவும் முன்வைக்கப்படுகின்றன. அவற்றை எடைபோட இந்தக் கேள்விதான் சரியான தராசு என்பது என் வாதம்: இந்த வழி, எதிர்ப்புக்கு ஒரு விலை வைக்கிறதா? எத்தனை கிருமிகளை எவ்வளவு வேகமாகக் கொல்கிறது என்பது இரண்டாவது கேள்விதான். இந்தத் தராசைக் கையில் எடுத்தால், ஆராய்ச்சிக்கூடத்தில் தொடங்கும் விசாரணை மாவட்ட மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் போய் நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரச்சினையின் அளவைப் பற்றிச் சந்தேகமில்லை. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் நேரடியாக 12.7 லட்சம் பேரின் உயிரைக் குடித்தன என்றும், 49.5 லட்சம் மரணங்களில் அவற்றுக்குப் பங்குண்டு என்றும் 2022-ல் லான்செட்டில் வெளியான உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. நம் வழக்கமான எதிர்வினை, இன்னும் வலுவான மருந்தைத் தேடுவது. எண்பது ஆண்டுகளாக அந்த வழிதான் நம்மைக் காப்பாற்றியும் வந்திருக்கிறது. அதை இகழ முடியாது. ஆனால் எதிராளியின் வயதை மறந்துவிடக் கூடாது. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணிலிருந்து எடுத்த டிஎன்ஏவில், இன்று நாம் பயன்படுத்தும் மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததை 2011-ல் கண்டறிந்தார்கள். ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று தாக்கச் சுரப்பவை. ஆயுதம் பிறந்த இடத்திலேயே கேடயமும் பிறந்திருக்கிறது. நாம் செய்ததெல்லாம், டன் கணக்கில் ஆயுதத்தைக் கொட்டி, கேடயம் வைத்திருந்தவர்களை மட்டும் பெருக விட்டதுதான்.

கேடயம் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதற்கு என்டிஎம்-1 என்ற நொதியின் வரலாறு போதும். கார்பபெனம் வகை மருந்துகள் நெடுங்காலம் மருத்துவமனைகளின் கடைசிக் கையிருப்பாக இருந்தவை. அவற்றைச் சிதைக்கும் இந்த நொதி, இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் 2008-ல் அடையாளம் காணப்பட்டது. 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் அது இருப்பதைக் காட்டியது. அடுத்த ஆண்டு டெல்லியில் 50 குடிநீர் மாதிரிகளைச் சோதித்தபோது இரண்டிலும், தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-லும் அந்த மரபணு தென்பட்டது. நொதியின் பெயரில் (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) டெல்லி இருப்பது தேசிய அவமானமா என்ற சண்டையில் அன்று செலவான சக்தியில் ஒரு பங்கைச் சாக்கடைக்குச் செலவிட்டிருக்கலாம். இந்த மரபணுவும் பிளாஸ்மிடில்தான் பயணம் செய்கிறது. கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவிலிருந்து ஈ. கோலைக்கு அது தாவ ஒரு தலைமுறைகூடத் தேவையில்லை. இரண்டும் பக்கத்தில் இருந்தாலே போதும்.

புதிய மருந்தைத் தேடும் பாதை வணிகரீதியாகவும் உடைந்துபோயிருக்கிறது. அமெரிக்காவின் அகாவோஜன் நிறுவனத்தின் பிளாசோமைசினுக்கு 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது; 2019 ஏப்ரலில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அந்த மருந்தின் உரிமையை இந்தியாவின் சிப்லா ஏலத்தில் எடுத்தது. காரணம் எளிது. நல்ல ஆன்டிபயாடிக்கைக் கடைசிக் கையிருப்பாகப் பூட்டிவைக்க வேண்டும் என்று மருத்துவம் சொல்கிறது; விற்றால்தான் முதலீடு திரும்பும் என்று சந்தை சொல்கிறது. சென்னையில் ஆர்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், செஃபெபிமோடு சேர்த்துத் தரும் மருந்தாக 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. நம் ஊரில் பிறந்த மூலக்கூறு அந்த மேடையை எட்டியது சாதாரணச் செய்தியல்ல. அதற்குள் தாய் நிறுவனம் கடன் சுமையால் திவால் நடவடிக்கைக்குள் போய், 2020-ல் கைமாறியிருந்தது. அந்தக் கடன்களுக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் ஒரு மூலக்கூறு சந்தையை எட்ட எடுக்கும் காலம், அதைக் கண்டுபிடித்தவரின் நிதி தாங்கும் காலத்தைவிட நீளமானது என்பதை இது காட்டாமல் இல்லை.

செயற்கை நுண்ணறிவு இந்தக் கணக்கை மாற்றிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2020-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கணினிக் கற்றலின் துணையோடு ஹாலிசின் என்ற மூலக்கூறைப் பொறுக்கி எடுத்தார்கள். 2023-ல் அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவை மட்டும் தாக்கும் அபாசின் வந்தது. தேடும் வேகம் கூடியிருப்பது உண்மை. ஆனால் தேடல் முடிந்த பிறகு தொடங்கும் விலையுயர்ந்த மருத்துவச் சோதனைகளையோ, அதற்குப் பின்னான விற்பனைச் சிக்கலையோ கணினி தொடவில்லை. இதைவிட எனக்குக் கவனிக்கத்தக்கதாகத் தோன்றுவது வேறொன்று. ரோஷ் நிறுவனத்தின் சோசுராபால்பின், அசினெட்டோபாக்டர் தன் வெளிச்சவ்வைக் கட்டப் பயன்படுத்தும் ஒரு போக்குவரத்து அமைப்பை அடைக்கிறது. மற்ற பாக்டீரியாக்களை அது கண்டுகொள்வதில்லை. எல்லாவற்றையும் கொல்லும் மருந்திலிருந்து ஒன்றை மட்டும் கொல்லும் மருந்தை நோக்கி ஆராய்ச்சியே நகர்ந்துகொண்டிருக்கிறது. குறுகிய இலக்கு என்றால் உடலின் நல்ல பாக்டீரியாக்கள் தப்பிக்கும். எதிர்ப்பு மரபணுக்கள் பெருகும் களமும் சுருங்கும்.

எதிர்ப்புக்கு நேரடியாகவே விலை வைக்கும் வழி யேல் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் சான், பால் டர்னர் குழுவிடமிருந்து வந்தது. பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகி அதை உடைத்துக்கொண்டு வெளியேறும் வைரஸ்கள் உண்டு. அவற்றை ஃபேஜ் என்கிறோம். ஒவ்வொரு ஃபேஜும் பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஏதோ ஒரு குறிப்பிட்ட உறுப்பைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழையும். கனெக்டிகட்டின் குளம் ஒன்றிலிருந்து இந்தக் குழு எடுத்த ஓஎம்கேஓ-1 என்ற ஃபேஜ், சூடோமோனாஸ் எரூஜினோசாவில் பற்றிக்கொள்வது, அந்தக் கிருமி ஆன்டிபயாடிக்குகளை வெளியே இறைக்கப் பயன்படுத்தும் பம்பின் வெளிப்புறக் குழாயை. இனி கிருமிக்கு இரண்டே வழிகள். பம்பை வைத்துக்கொண்டால் ஃபேஜுக்கு இரையாகும். ஃபேஜிடமிருந்து தப்பப் பம்பை மாற்றினாலோ இழந்தாலோ, மருந்து உள்ளேயே தங்கிக் கொல்லும். இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை. 2016-ல் வெளியான இந்த ஆய்வில், ஃபேஜிடமிருந்து தப்பிய கிருமிகள் பழைய மருந்துகளுக்கு மீண்டும் பணிந்தன. மகாதமனியில் பொருத்திய செயற்கைக் குழாயில் தீராத சூடோமோனாஸ் தொற்று இருந்த ஒரு முதியவருக்கு இந்த ஃபேஜும் செஃப்டாசிடிமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. தொற்று திரும்பவில்லை என்று 2018-ல் பதிவு செய்தார்கள். ஒரு நோயாளியின் கதை எதையும் நிரூபிக்காது. ஆனால் இதன் பின்னுள்ள தர்க்கம் வேறு வகையானது. கிருமி எதிர்ப்பை உருவாக்காது என்று இந்தச் சிகிச்சை நம்பவில்லை. உருவாக்கும் என்று எதிர்பார்த்தே வலை விரிக்கிறது.

இந்தத் தர்க்கத்துக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 1952-லேயே சிபால்ஸ்கியும் பிரைசனும், ஒரு மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற ஈ. கோலை வேறொரு மருந்துக்கு முன்னைவிட எளிதாகப் பலியாவதைக் கவனித்தார்கள். 2013-ல் ஹங்கேரியின் செகெட் நகர ஆய்வாளர்கள் அதற்கு ஒரு காரணத்தை விளக்கினார்கள்: அமினோகிளைகோசைடு மருந்துகளிடமிருந்து தப்பக் கிருமி தன் சவ்வின் மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது, அந்த அழுத்தத்தால் இயங்கும் பம்புகள் அதனால் தளர்கின்றன, மற்ற மருந்துகள் உள்ளே தேங்குகின்றன. மருந்துகளை எந்த வரிசையில் தருவது என்பதே ஆயுதமாகலாம் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. இந்த ஏற்றத்தாழ்வெல்லாம் கிருமி தன் சொந்த மரபணுவில் மாற்றம் செய்துகொள்ளும்போதுதான் நிகழ்கிறது. என்டிஎம்-1 போன்றவை வெளியிலிருந்து ஆயத்தமாக வந்து சேர்பவை. பம்பையும் சவ்வையும் தொடாமல் மருந்தை மட்டும் வெட்டிப்போடும். அவற்றுக்கு எப்படி விலை வைப்பது? மறுப்பு சரியானது; கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன லண்டன் ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. முழுமையான பதில் இன்னும் இல்லை, ஆனால் ஒரு வழி தெரிகிறது. பிளாஸ்மிடு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, செல்லின் மேற்பரப்பில் ஒரு பாலத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிஆர்டி-1 என்ற ஃபேஜ் அந்தப் பாலக் கட்டமைப்பைத்தான் பற்றிக்கொள்கிறது. பின்லாந்து ஆய்வாளர்கள் 2011-ல் இதைச் சோதித்தபோது, தப்பிப் பிழைத்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பிளாஸ்மிடையே தூக்கி எறிந்திருந்தன. எறியாதவையும் அதைப் பிறருக்குக் கடத்தும் திறனை இழந்திருந்தன. இது கண்ணாடிக் குடுவைக்குள் நடந்தது. மனிதக் குடலில் இதே விளைவு கிடைக்குமா என்பது வேறு கேள்வி. ஆயினும் கடன் வாங்கிய எதிர்ப்புக்கும் விலை வைக்க முடியும் என்பது கொள்கையளவில் நிலைநாட்டப்பட்டிருக்கிறது.

கிருமி ஃபேஜிடமிருந்தும் தப்பிவிடுமே என்பது அடுத்த மறுப்பு. தப்பும். சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்கு எகிப்துப் பயணத்தில் தொற்றிய அசினெட்டோபாக்டர், 2016-ல் அவருக்குக் கொடுத்த ஃபேஜ்களிடமிருந்தும் சில நாட்களில் தப்பியது. மருத்துவர்கள் புதிய ஃபேஜ்களைத் தேடிச் சேர்த்தார்கள், அவர் பிழைத்தார். 2021-ல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு, ஃபேஜுக்குத் தப்பிய அசினெட்டோபாக்டர் எதை இழக்கிறது என்று ஆராய்ந்தது. தன் மேலுறையை இழக்கிறது. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பிடமிருந்தும் சில மருந்துகளிடமிருந்தும் அதைக் காத்துவந்தது அந்த உறைதான். எல்லா ஃபேஜ்களும் இப்படிப்பட்ட இடத்தைப் பற்றுவதில்லை. கிருமி விலையே கொடுக்காமல் தப்பும் சந்தர்ப்பங்களும் உண்டு. அதனால்தான் எந்த ஃபேஜ் என்பதைவிட அது எங்கே பற்றுகிறது என்ற கேள்வி முக்கியமாகிறது. கிடைத்த ஃபேஜையெல்லாம் கலந்து கொடுக்கும் பழைய முறைக்கும் இதற்கும் வேறுபாடு இங்கேதான்.

அந்தப் பழைய முறைக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது, அதில் இந்தியாவுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி விரைவில் மடிவதை எர்னஸ்ட் ஹான்கின் 1896-ல் எழுதினார். பின்னாளில் பலர் அதை ஃபேஜின் வேலையாகப் பார்த்தார்கள். 1917-ல் ஃபேஜுக்குப் பெயர் சூட்டிய ஃபெலிக்ஸ் டெரெல் 1927-ல் பஞ்சாபில் காலரா நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். தொடர்ந்து அசாமில் பெரிய அளவில் சோதனைகள் நடந்தன. ஒப்பீட்டுக் குழுக்கள் ஒழுங்காக அமையாததால் அவற்றின் முடிவுகள் சர்ச்சையிலேயே கிடந்தன. 1934-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்கான மதிப்பாய்வு ஐயத்தோடு முடிந்தது. பிறகு பெனிசிலின் வந்தது; மேற்குலகம் ஃபேஜை மறந்தது. ஜார்ஜியாவின் திபிலிசியில் 1923-ல் ஜார்ஜி எலியாவா தொடங்கிய நிறுவனம் அதைத் தொடர்ந்து பேணியது. எலியாவா 1937-ல் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார்; நிறுவனம் அவரைத் தாண்டி இன்றும் இயங்குகிறது.

மேற்குலகம் மறுபடி ஃபேஜைக் கையில் எடுத்தபோது நடந்த முறையான சோதனைகள் ஏமாற்றமளித்தன. இதை மறைப்பது ஃபேஜின் ஆதரவாளர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ஐரோப்பிய நிதியுதவியோடு பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீக்காய நோயாளிகளிடம் நடந்த ஃபேகோபர்ன் சோதனையில், 12 ஃபேஜ்களின் கலவை வழக்கமான வெள்ளி சல்ஃபாடையசின் களிம்பைவிட மெதுவாகவே வேலை செய்தது. கலவை சேமிப்பில் வீரியம் இழந்து, திட்டமிட்டதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த அளவே நோயாளியைச் சேர்ந்திருந்தது. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கு ஈ. கோலை ஃபேஜ்களைக் கொடுத்த சோதனையிலும் பலனில்லை. பல குழந்தைகளின் குடலில் ஈ. கோலையே குறைவாக இருந்தது, நோய்க்கு அதுதான் காரணம் என்றே சொல்ல முடியாத நிலை. ஃபேஜின் நொதியைத் தனியாகப் பிரித்தெடுத்து ஸ்டெஃபைலோகாக்கஸ் ரத்தத் தொற்றுக்குக் கொடுத்த எக்செபகேஸ், இரண்டாம் கட்டச் சோதனையில் நம்பிக்கை தந்துவிட்டு, மூன்றாம் கட்டத்தில் பயனில்லை என்று 2022-ல் நிறுத்தப்பட்டது. முதல் இரண்டு தோல்விகளையும் கூர்ந்து பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. நோயாளியிடம் இருக்கும் கிருமி எது, இந்த ஃபேஜ் அதைக் கொல்லுமா என்பதை ஒவ்வொருவருக்கும் முன்கூட்டிப் பார்க்காமல், ஒரே கலவையை எல்லோருக்கும் கொடுத்தார்கள். குறுகிய ஆயுதத்தை அகன்ற மருந்தின் பாணியில் பயன்படுத்தினார்கள்.

ஆளுக்கேற்பத் தேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிரஸ்ஸல்ஸின் ராணி ஆஸ்ட்ரிட் ராணுவ மருத்துவமனை தலைமையிலான கூட்டமைப்பு ஒரு பதிலை வைத்திருக்கிறது. அடுத்தடுத்து வந்த 100 நோயாளிகளை, நல்ல முடிவுகளை மட்டும் பொறுக்காமல், 2024-ல் அவர்கள் தொகுத்து வெளியிட்டார்கள். 77.2 சதவீதத்தினரிடம் நிலை மேம்பட்டது; 61.3 சதவீதத்தினரிடம் கிருமி அகன்றது. ஆன்டிபயாடிக்கைச் சேர்க்காமல் ஃபேஜை மட்டும் கொடுத்தபோது கிருமி அகலும் வாய்ப்பு 70 சதவீதம் குறைந்தது என்பதுதான் என் வாதத்துக்கு இதில் முக்கியமான எண். இரண்டும் சேர்ந்தால்தான் பொறி முழுமையாகிறது. மைக்கோபாக்டீரியத் தொற்றில் பிட்ஸ்பர்க்கின் கிரஹாம் ஹாட்ஃபுல் குழு வழங்கிய ஃபேஜ்களால் 20 பேரில் 11 பேருக்குப் பலன் தெரிந்தது. அந்தப் பணியில் பயன்பட்ட ஒரு ஃபேஜ், தென்னாப்பிரிக்காவில் அழுகிய கத்திரிக்காய் ஒன்றின் அடிப்பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. இந்த ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. மருந்து கைவிட்ட நோயாளிகளில் சிலர் எப்படியும் தேறியிருப்பார்கள் என்று ஒருவர் வாதிட்டால், இந்தத் தரவை வைத்து அவரை மறுக்க முடியாது. தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் சிகிச்சையையே ஒரு முறையாக எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பிரித்த குழுக்களில் சோதிப்பதுதான் அடுத்த கட்டம்.

ஆகவே இந்த வழிகளுக்கெல்லாம் ஒரே முன்நிபந்தனை: எந்தக் கிருமி, அதன் பலவீனம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். பெனிசிலினின் மேன்மையே அது தேவைப்படாததுதான். பரிசோதனைக்கூடம் இல்லாத ஊரில், கிருமியின் பெயரே தெரியாத மருத்துவர், ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றினார். அறியாமைக்கு இடம் கொடுத்த அந்த ஜனநாயகம் மருத்துவ வரலாற்றின் பெரிய கொடை. அதை இழப்பதை மகிழ்ச்சியோடு வரவேற்க நான் தயாரில்லை. ஆனால் அந்த அறியாமைக்கான தவணைதான் இப்போது வசூலாகிறது. இங்கே வரும் மறுப்பு காலத்தைப் பற்றியது. ரத்த அழுத்தம் சரிந்து கிடக்கும் செப்சிஸ் நோயாளிக்கு, முதல் ஆறு மணி நேரத்தில் சரியான மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைவதாக 2006-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்கோ இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதுவரை காத்திருக்கச் சொல்வது கொலை. யாரும் அப்படிச் சொல்லவில்லை. முதல் ஊசி அகன்ற மருந்தாகவே இருக்கட்டும். இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும் அதே மருந்து ஏன் தொடர்கிறது என்பதுதான் கேள்வி. காத்திருக்கும் நேரமும் சுருங்கிவருகிறது. சிறுநீர்த் தொற்றில் கிருமி இருக்கிறதா, எந்த மருந்துக்குப் பணியும் என்பதை 45 நிமிடத்துக்குள் சொல்லும் ஸ்வீடன் கருவிக்கு 2024-ல் பிரிட்டனின் லாஞ்சிட்யூட் பரிசு, 80 லட்சம் பவுண்டு, கிடைத்தது. பத்தாண்டுகள் காத்திருந்து கொடுத்த பரிசு அது.

நோயாளிக்கு நோயாளி மாறும் மருந்தை எந்தச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பது என்ற சிக்கலை பெல்ஜியம் எளிமையாகத் தீர்த்தது. ஃபேஜை ஆலையில் தயாராகும் பண்டமாகக் கருதாமல், மருத்துவரின் சீட்டுக்கேற்ப மருந்தாளுநர் கலந்து தரும் மருந்தாக அங்கே வகைப்படுத்தினார்கள். மூலப்பொருளின் தரத்தை ஓர் அரசு ஆய்வகம் சான்றளிக்கிறது. இது கோடிக்கணக்கானோருக்கு எட்டும் வழியா என்று கேட்கலாம். இல்லை. எலும்பு, செயற்கை மூட்டு, நுரையீரல் போன்ற இடங்களில் வேரூன்றிய நாள்பட்ட தொற்றுகளுக்கே இது முதலில் பொருந்தும்.

கோடிக்கணக்கானோருக்கு எட்டும் வழி தடுப்பூசிதான். எதிர்ப்பைப் பற்றிய பேச்சில் அதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-ல் கிளம்பிய டைபாய்டு, வாய்வழி மருந்துகளில் அசித்ரோமைசினைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிர்ப்புக் கொண்டிருந்தது. இந்தியாவின் ஹைதராபாத்திலுள்ள பாரத் பயோடெக் தயாரித்த டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியை அங்கே குழந்தைகளுக்குப் போட்டபோது, அந்த மருந்தெதிர்ப்பு டைபாய்டுக்கு எதிராகவே 97 சதவீதம் பலன் தெரிந்தது. 2019 நவம்பரில் அதை வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த முதல் நாடு பாகிஸ்தான். தடுப்பூசிக்குக் கிருமியின் பம்போ நொதியோ ஒரு பொருட்டல்ல. மருந்தெதிர்ப்பு என்ற சொத்து அதன் முன் செல்லாக்காசாகிறது. விலை வைப்பதன் உச்சம் என்றே இதைச் சொல்லலாம். ஆனால் கிளெப்சியெல்லாவுக்கோ அசினெட்டோபாக்டருக்கோ இன்று தடுப்பூசி இல்லை.

கடைசி மறுப்புதான் எனக்கு மிகக் கடினமானது: ஏழை நாடுகளில் மக்கள் சாவது மருந்தெதிர்ப்பாலா, மருந்து கிடைக்காததாலா? 2019-ல் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் உட்பட 8 நாடுகளில் கார்பபெனமுக்குக் கட்டுப்படாத கிராம்-நெகட்டிவ் தொற்றுகள் ஏறக்குறைய 15 லட்சம் என்று 2025-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தத் தொற்றுகளுக்கு ஆளானவர்களில் சுமார் 7 சதவீதத்தினருக்கே உரிய மருந்து கிடைத்திருக்க முடியும். இருக்கும் மருந்தே சேராத இடத்தில் ஃபேஜையும் பரிணாமப் பொறியையும் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று தோன்றலாம். அந்த 93 சதவீதத்தினரைத் தவறவிட்ட படிகளைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. மருத்துவமனையை எட்டாதவர்கள் சிலர். எட்டியும் கல்ச்சர் எடுக்கப்படாதவர்கள் பலர். எடுத்தும் மருந்து வாங்க முடியாதவர்கள் மற்றவர்கள். பிரிட்டன் 2022-ல் இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு, எத்தனை குப்பி விற்றாலும் விற்காவிட்டாலும், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஒரு கோடி பவுண்டு வரை சந்தாவாகத் தர ஒப்பந்தம் செய்தது. மூன்றாவது படியைச் சரிசெய்ய அத்தகைய ஏற்பாடு உதவும். இரண்டாவது படிக்கு உதவாது. இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2013 முதல் நடத்தும் எதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பு பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளைச் சார்ந்தது. மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் நுண்ணுயிரியலாளர் இருக்கும் கல்ச்சர் வசதி ஒரு செலவினத் தலைப்பாகவே இன்னும் வலுப்பெறவில்லை. கார்பபெனம் வகை மருந்தான மெரோபெனெம் வாங்க ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கு அந்தத் தலைப்புக்கு மாறும் பட்ஜெட்டில்தான், பழைய மருந்தைச் சரியான ஆளுக்குக் கொடுப்பதும் புதிய ஃபேஜைச் சரியான கிருமிமேல் ஏவுவதும் ஒரே மேசையில் நடக்கத் தொடங்கும்.